தாழ்ந்த ஒலிக்கு அழுத்தக் கூடாது

உள்விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது விசாரணை அதிகாரி நோயினால் தொடர முடியாமற்போனால், நிர்வாகம் வேறொருவரை நியமிக்கலாம். புதியவர், முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதுவரை பதிவானவை பதிவானபடியே நிற்கும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருக்கும் ஒரு தகட்டுத் தொழிற்சாலையின் நிலையாணைகளில் இப்படி ஒரு விதி உண்டு. நிர்வாகமும் தொழிலாளரும் ஒப்புக்கொண்டு, துறை சான்றளித்து, வாயிற்காவலர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் படித்தவர்கள் எனக்குத் தெரிந்து இருவர். கண்ணாடியைத் துடைக்கிறவர் ஒருவர், நான் மற்றவன். நான் நோயில் விழுந்தபோது பொருந்தியிருக்க வேண்டிய விதி இதுதான். உடனே பொருந்தவில்லை. ஏன் என்பதைச் சொல்லப் போனால் என் மண்டைக்குள் இருந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்களைப் போன்றவர்களைத் தொழிற்சாலைகள் மறப்பதில்லை. ஒரு தொழிலாளியை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் முறைப்படி ஒரு விசாரணை நடந்திருக்க வேண்டும். அதை நடத்த, பார்த்தால் நடுநிலையாகத் தெரிகிற ஒரு நரைத்த தலை வேண்டும். சாட்சிகள் பேசுவார்கள், நான் கேட்பேன், தட்டச்சர் எல்லாவற்றையும் அடிப்பார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நான், நிர்வாகத் தரப்பில் ஒருவர், குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சி என நால்வரும் அடியில் கையெழுத்திடுவோம். அதன் பிறகு அந்தப் பக்கம் கல்வெட்டு. திருத்த முடியாது.

1991இல் எனக்கு வந்த வழக்கு ஏசுபாதத்தினுடையது. படப்பைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், முப்பது வயது இருக்கும், அழுத்து இயந்திரத்தில் வேலை. அந்த இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் இரும்புக்கு அடியில் விரல் இருக்காது என்பது கணக்கு. உற்பத்தியைக் கூட்ட நினைக்கிறவர்கள் இடது பொத்தானில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். அப்போது வலது கை ஒன்றே போதும். இடது கை தகடு வைக்கலாம். விரலையும் வைக்கலாம். ஒரு நாள் காலை ஏசுபாதம் அந்தக் கட்டையைப் பார்த்தார், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு லைனை நிறுத்தினார். "வேண்டுமென்றே உற்பத்தியைத் தடுத்தார்" என்று சார்ஜ் ஷீட். அவர் சஸ்பென்ஷனில் இருந்தார். சூப்பர்வைசர் சாட்சி சொன்னார்: கட்டை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது நான்தான்.

அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே உலகம் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தது. காலையில் வேப்பமரத்து நிழல் தரையில் அசைவதைப் பார்த்தபடி நின்றால் நிழல் கூடத்துக்குள் வந்துவிடும், நான் அங்கேயே நிற்பேன். எதற்கும் அவசரமில்லை. அதே சமயம், கண்ணெதிரே இருக்கும் பொருள்கள் என் கையை இழுத்தன. சீப்பு கிடந்தால் சீவிக்கொண்டேன், முன்பே சீவியிருந்தாலும். வங்கியில் ஒரு முத்திரை இருந்தது. குமாஸ்தா திரும்புவதற்குள் மேசையிலிருந்த தாள்களிலெல்லாம் குத்திவிட்டேன். வாயும் அப்படித்தான். கூட்டுறவுச் சங்கத் தலைவர், "சார், நம்ம சங்கம் எப்படிப் போவுது?" என்று மரியாதைக்குக் கேட்டார். எப்படிப் போகிறது என்று சொல்லிவிட்டேன், பெயர்களோடு. கிண்டல் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அது உள்ளே ஓடும் ஆறு. இப்போது கரை இல்லை.

யாரும் இதை நோய் என்று நினைக்கவில்லை. "ரிடையர் ஆனா மனுஷன் தைரியமாயிடறான்" என்றார்கள். தெருவில் என்னைப் பற்றி நல்ல பேச்சு.

என் மனைவி சரோஜா மட்டும் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தாள். ஒரு மதியம் சாப்பிடும்போது, "உன் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், சரோஜா. காய்காரனைக் கூப்பிடும்போது கூட" என்று சொன்னேனாம். அன்றைக்கே ஏதோ சரியில்லை என்று முடிவு செய்துவிட்டதாகப் பிறகு சொன்னாள்.

விசாரணை நாளுக்கு வருகிறேன். சூப்பர்வைசர், கட்டை இருந்ததில்லை என்று சொல்லி முடித்தார். பர்சனல் மேனேஜர் தலையசைத்தார். வழக்கமாக அந்த இடத்தில் நான் "சரி, மேலே" என்று சொல்வேன். அன்று என் வாய் வேறொன்று சொன்னது.

"இந்தச் சாட்சி பொய் சொல்கிறார். வரும் வழியில் அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். இடது பொத்தானைச் சுற்றி மரம் உரசிய தழும்பு இருக்கிறது. வலது பொத்தானில் இல்லை. கட்டை இருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்."

தட்டச்சர் தன் கடமையைச் செய்தார். சொன்னது அத்தனையும் அடித்தார். பக்கம் முடிந்தது, தாள் சுற்றி வந்தது, வழக்கம்போல் நால்வரும் கையெழுத்திட்டோம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏசுபாதம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த விசாரணைக்கு நான் போய்ச் சேரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் நின்றபோது ஒரு கண்டக்டர், "காஞ்சிபுரம், காஞ்சிபுரம், ஏறு ஏறு" என்று கூவினார். ஏறினேன். காஞ்சிபுரத்தில் இன்னொருவர், "வாலாஜாபாத் ஏறு" என்றார். ஏறினேன். ஏரிகளும் பனைமரங்களும் ஜன்னலில் நகர்ந்துகொண்டே இருந்தன. வாழ்க்கையில் இவ்வளவு எளிதாக எதுவும் இருந்ததில்லை என்று தோன்றியது. விளக்கு வைக்கும் நேரத்தில் தாம்பரம் வழியாகப் படப்பை வந்திருந்தேன்; யாரோ தெரிந்தவர் கையைப் பிடித்து ஸ்ரீபெரும்புதூரில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"எங்க போனீங்க?" என்றாள் சரோஜா.

"ஏறச் சொன்னாங்க."

 மறுநாள் காலை சென்னைக்குப் பேருந்து. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரிந்ததும் இறங்க எழுந்தேன், தண்ணீர் கூப்பிட்டது போல. அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்தப் பிடி மருத்துவமனை வரை விடவில்லை.

பெரிய அரசு மருத்துவமனை. சீட்டு எழுதுகிறவர் ஊர் கேட்டார். அந்த வருடம், மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவரும் பார்த்துவிட்டு எழுதினார்.

ஸ்கேன் படத்தில் என் நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளை உருண்டை. மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து வளர்ந்த கட்டி, பெரும்பாலும் புற்று அல்ல, மெல்ல, ஆண்டுக்கணக்கில் வளர்வது, எடுத்துவிடலாம். அறுவை சிகிச்சை நிபுணர் இதைச் சொன்னபோது பயம் வர வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது ஒரு மந்தமான ஆர்வம். பயத்தை சரோஜா முழுதாக எடுத்துக்கொண்டாள். தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாத்திரத்தோடு தாழ்வாரத்துக்குப் போய், வெகு நேரம் கழித்துத் திரும்பினாள். தண்ணீர்ப் பாத்திரம் காலியாக இருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் என்னைச் சமாளிப்பது ஒரு வேலை. "அடுத்தவர் வாங்க" என்று யாரைக் கூப்பிட்டாலும் நான் எழுந்து போவேன். காது மூக்கு தொண்டைக்குக் கூட ஒருமுறை போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தேன். கடைசியில் சரோஜா தன் முந்தானை நுனியை என் மணிக்கட்டில் கட்டினாள். எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள், "புதுசா கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டாள். கூடமே சிரித்தது, சரோஜாவும்.

அங்கேதான் ஏசுபாதம் வந்தார். கையில் கொய்யாப்பழப் பை; சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதங்கள்.

"இன்னா சார், இப்டி ஆயிடுச்சி? வூட்டாண்ட போனேன், இங்க கீறீங்கன்னாங்க."

"கட்டி," என்றேன். "எலுமிச்சம்பழம்."

"எனக்கும் ஒரு கட்டி குடுத்துக்கீறாங்க சார்." காகிதத்தை சரோஜாவிடம் நீட்டினார். அவள் படித்துச் சொன்னாள். விசாரணை அதிகாரி மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று நிர்வாகத்துக்குத் தெரியவந்திருப்பதால், அவர் நடத்திய விசாரணை முழுவதும் செல்லாது. புதிய அதிகாரி முதலிலிருந்து தொடங்குவார்.

"முதல்லேர்ந்துன்னா, அந்தப் பக்கம் போயிடும் சார். நீங்க சொன்னீங்களே, பட்டன்ல தழும்பு கீதுன்னு, அது. இப்ப அந்த பட்டனையே மாத்திட்டாங்க. புச்சு போட்டுட்டாங்க. இனிமே யாரு வந்து பார்த்தாலும் ஒண்ணும் இருக்காது. அந்த ஒரு பக்கத்த வுட்டா எனக்கு வேற இன்னா கீது?"

"பைத்தியக்காரன் சொன்னதுங்கறாங்க," என்றாள் சரோஜா மெதுவாக.

"எங்க லைன்ல எல்லாரும் சொல்றது இன்னா தெரியுமாக்கா? முப்பது வருசமா நல்லா இருந்தவங்க யாரும் சொல்லல. பைத்தியம் புடிச்சவரு ஒருத்தருதான் சொன்னாருன்னு."

நான் கொய்யாப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்ததால். ஆனால் விதி நினைவில் இருந்தது. 'நோயினால் தொடர முடியாமற்போனால்.' பைத்தியம் வேறு, நோய் வேறு. பைத்தியமென்றால் பக்கம் கிழிகிறது, நோயென்றால் நிற்கிறது. மிதந்துகொண்டிருந்த மண்டைக்குள் அந்த ஒரு வரி மட்டும் நங்கூரம் போட்டதுபோல் அசையாமல் கிடந்தது.

மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்ய என்னை அனுப்பிய அறையில் டாக்டர் மாலதி என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்குள், பருத்திப் புடவை, மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடி. நான் உட்கார்ந்ததும் அந்தக் கண்ணாடியை எடுத்து என் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. முகம் மலர்ந்தது.

"சார், அது என்னோடதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் போட்டுக்கிட்டீங்க?"

"இங்கே இருந்தது."

அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்ததே அதைப் பற்றித்தானாம். மூளையின் முன்பகுதிக்கு ஒரு முக்கியமான வேலை, செய்யாமலிருப்பது. கண் பார்க்கிறது, கை நீள்கிறது. நடுவில் "வேண்டாம்" என்று சொல்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. வண்டிக்கு பிரேக் போல. அந்த "வேண்டாம்" மின் அலையாகத் தலையின் மேல்தோலில்கூடத் தெரியும். என் கட்டி உட்கார்ந்திருந்தது அந்த பிரேக்கின் மேல்.

"டாக்டர், நான் பைத்தியமா இல்லையான்னு உங்க மெஷின் சொல்லுமா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஏசுபாதத்தைக் காட்டி, "இவருக்கு வேலை போகுது," என்றேன். அவரும் சரோஜாவும் மிச்சத்தைச் சொன்னார்கள்.

டாக்டர் யோசித்தார். "பைத்தியம்னு சொல்லாது சார். இல்லைன்னும் சொல்லாது. எது கெட்டிருக்கு, எது கெடலைன்னு ஓரளவு பிரிச்சுக் காட்டும். ஆனா ஒரு சிக்கல். கட்டியைச் சுத்தியிருக்கிற வீக்கம் வத்தறதுக்கு இன்னிக்கு மாத்திரை ஆரம்பிக்கிறாங்க. அது உள்ள போச்சுன்னா நீங்க தேறிடுவீங்க. தேறினப்புறம் அளந்தா அது அன்னிக்கு இருந்த மூளை இல்லை. மாத்திரைக்கு முன்னாடி பண்ணணும். எனக்கு நாளைக்குத்தான் மெஷின் கிடைக்கும்."

"அப்ப மாத்திரை நாளைக்கு," என்றேன்.

சரோஜாவின் குரல் உயர்ந்தது. எனக்குப் பிடித்த குரல்தான். "மண்டைக்குள்ள வீங்கிக்கிட்டு இருக்கு. ஊருக்கு சாட்சி சொல்ல மண்டையை இரவல் குடுக்கறீங்களா? ஏம்பா ஏசுபாதம், நீயே சொல்லு, உன் வூட்டு ஆளா இருந்தா வுடுவியா?"

ஏசுபாதம் தரையைப் பார்த்தார். "வுட மாட்டேன்க்கா." காகிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டே, "சாரு மாத்திரை சாப்புடட்டும். நான் வேற வேலை பாத்துக்கறேன். செங்கல் சூளைல கூப்டுக்கினுதான் கீறாங்க," என்றார்.

அதைக் கேட்டதும் சரோஜா எழுந்தாள். அறுவை சிகிச்சை நிபுணரிடம் அவளே போய்க் கேட்டாள். ஒரு நாள் தள்ளலாம், ஒரு நாள் மட்டும், தலைவலியோ வாந்தியோ வந்தால் அந்த நிமிடமே மாத்திரை என்றார் அவர். அன்று முழுவதும் அவள் என் நெற்றியில் கை வைத்தபடி இருந்தாள், கட்டி வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவள்போல.

மறுநாள் தலைமுடியை விலக்கி விலக்கி, பசை தடவி, சின்னச் சின்ன உலோகத் தட்டுகளை ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி. இருட்டான, குளிர்ந்த அறை. கையில் ஒரு பொத்தான்.

"உயர்ந்த ஒலி கேட்டா அழுத்துங்க. தாழ்ந்த ஒலி கேட்டா அழுத்தக் கூடாது. அவ்வளவுதான்."

ஒலிகள் வரத் தொடங்கின. கீச், கீச், கீச். பெரும்பாலும் உயர்ந்தவை. கட்டைவிரல் அந்தத் தாளத்தில் தானாக ஆடத் தொடங்கிவிடுகிறது. நடுவில் எப்போதாவது ஒரு கனத்த "பூம்". நான் எங்கோ தண்ணீருக்கடியில் இருந்தேன். மேலே வெளிச்சம் வளையம் வளையமாக விரிந்தது, ஒலிகள் கூழாங்கற்களாக விழுந்து மெல்ல என்னைத் தாண்டிக் கீழே போயின. பூம். விரல் அழுத்தியது. "தப்பு," என்றேன். கீச், கீச். பூம். அழுத்தினேன். "தப்பு." வருத்தமே இல்லை. யாரோ ஒருவர் தவறு செய்வதைக் கரையில் அமர்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. கிட்டத்தட்ட ஒவ்வொரு பூமுக்கும் அழுத்தினேன். ஒவ்வொரு முறையும், யாரும் கேட்காமலே, "தப்பு" என்றும் சொன்னேன்.

ஒரு ஒலிக்கு மூளை தரும் பதில் மிகச் சின்னது. மற்ற இரைச்சலில் மூழ்கிவிடும். ஆயிரம் பேர் கத்தும் கூட்டத்தில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு மணியோசைக்கும் ஒரே வார்த்தை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கேட்டால் புரியாது. பலமுறை பதிவு செய்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மற்றவர்களின் கத்தல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அந்த ஒரே வார்த்தை மிஞ்சும். கணினி செய்வது அதுதான். அழுத்தக் கூடாத ஒலிக்கு, நல்ல மூளையின் முன்பக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஓர் அலை எழ வேண்டும். டாக்டர் எனக்குக் காட்டிய தாளில் அந்த இடத்தில் சின்ன மேடுதான் இருந்தது, மண் சரிந்த வரப்புபோல.

"பிரேக் இல்லை," என்றேன்.

"ரொம்பக் குறைவு. ஆனா சார், நீங்க ஒவ்வொரு தடவையும் 'தப்பு'ன்னு சொன்னீங்க பாருங்க, அது தாளில் வராது, ஆனா நான் எழுதி வெச்சிருக்கேன். ஒரு தடவைகூட சரியானதைத் தப்புன்னு சொல்லலை. தப்பானதைச் சரின்னும் சொல்லலை." கதைகள் படித்துக் காட்டி, எந்த வாக்கியம் மற்றதோடு பொருந்தவில்லை என்றும் கேட்டிருந்தார். அவற்றையும் பிசகாமல் சொல்லியிருந்தேனாம். "உங்களுக்குத் தெரியுது. நிறுத்தத்தான் முடியலை."

"இன்றைய மூளை அன்றைய மூளைக்குச் சாட்சி சொல்லுமா?"

"இந்தக் கட்டி ஒரு மாசத்துல வளர்றது இல்லை. அன்னிக்கும் ஏறக்குறைய இதே மூளைதான். அதையும் எழுதறேன். ஆனா உங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதுவேன்னு நினைக்காதீங்க. பிரேக் போனதையும் எழுதுவேன்."

"எழுதுங்கள். பிரேக் போனாலும் எதிரே தெரிந்த சாலை அதே சாலைதானே."

கம்பிகளைக் கழற்றும்போது என்னை அறியாமல் சிரிப்பு வந்தது. தாளம் பழகிய விரல் நடுவில் வரும் பூமைக் கவனிக்காது என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைய பக்கத்தின் அடியில் நான்கு கையெழுத்துகள். சூப்பர்வைசரும் போட்டார், பர்சனல் மேனேஜரும் போட்டார். கட்டை இருந்தது, எல்லோருக்கும் தெரியும் என்ற வரிக்குக் கீழே. அவர்கள் மண்டையில் கட்டி எதுவும் இல்லை.

அதன்பின் மாத்திரை, மொட்டை, அறுவை. அந்த நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. மேலே ஊரும் குழல்விளக்குகள். தாழ்வாரத்தில் சக்கரங்களின் முனகல். மயக்க மருந்து கொடுத்தவர் ஊரைக் கேட்டார்; சொல்லி முடித்தேனா என்று தெரியாது. விழித்தபோது தலை ஒரு பூசணிக்காய், பக்கத்துப் படுக்கைக்காரர் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், சரோஜாவின் கை என் உள்ளங்கைக்குள் இருந்தது. ரசம் சாதத்தைக் குழைத்து, கரண்டியால் வாயோரத்தில் ஊட்டினாள். செலவைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் ஆச்சு, கேக்காதீங்க," என்றாள். கேட்கவில்லை. கேட்காமலிருக்க முடிந்ததே ஒரு புதுமையாக இருந்தது.

ஒரு மாலை பர்சனல் மேனேஜர் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், இனிமையான குரல்.

"சார், நீங்க பொழச்சு வந்ததே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஒரு சின்ன விஷயம். அன்னிக்கு உடம்பு சரியில்லாம இருந்தது, என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லைன்னு ஒரு வரி. உங்களுக்கு சிரமம் வேண்டாம்னு டைப் பண்ணியே கொண்டாந்துட்டேன். விசாரணை ஆபீசர் பேனல்ல உங்க பேரு அப்படியே இருக்கும் சார்."

தாளைப் போர்வையின் மேல் வைத்து, மூடியைக் கழற்றிப் பேனாவையும் வைத்தார்.

பேனா பளபளத்தது. கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் காலியான கோடுகளில் கையெழுத்திட்ட கை என்னுடையது. அது போர்வையின் கீழிருந்து புறப்பட்டு வருவதைப் பார்த்தேன், பேனாவைத் தொட்டதையும் பார்த்தேன். பிறகு ஒன்று நடந்தது. நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றும் நடக்காமல் இருந்தது. பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவே ஓர் இடம் திறந்து, அதில் நான் நின்றுகொண்டிருந்தேன். மாதக்கணக்கில் அந்த இடம் எனக்கு இல்லை. அது இவ்வளவு அமைதியானது என்பது எனக்கு எப்போதுமே தெரிந்திருக்கவில்லை.

பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, அவரிடம் கொடுத்தேன்.

"ஞாபகம் இருக்கிறது," என்றேன். "அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது."

"சார், எல்லாப் பக்கத்துலயும் போடறதுதானே. படிச்சுட்டா போடறோம்?"

"அப்படியானால் பின்கட்டில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். பொத்தான் கொடுப்பார். நீங்களும் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம்."

அவர் போனபின் சரோஜா ஆப்பிளை நறுக்கினாள். "போன மாசமா இருந்தா இந்த ஆப்பிளாலயே அவரை அடிச்சிருப்பீங்க."

"இன்னும் நிறைய சொல்லத் தோன்றியது."

"தெரியும். முகத்துல ஓடிச்சு." ஒரு துண்டை நீட்டினாள். "நல்லாயிட்டீங்க போல."

அதில் கொஞ்சம் வருத்தம் இருந்ததோ என்று நினைத்தேன். பிரேக் திரும்பினால் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் திரும்புகிறது. அவள் குரலைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. நின்றது. தள்ளிப் பார்த்தேன். "ஆப்பிள் இனிப்பாக இருக்கிறது," என்று வந்தது. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டைக் கொடுத்தாள்.

தையல் ஆறிச் சில வாரம் கழித்து மறுபடி கம்பி, பசை, இருட்டறை. இந்த முறை தண்ணீருக்கடியில் இல்லை. சாதாரண நாற்காலி, சாதாரண ஒலி. பூம் வந்தபோது விரல் துடித்து, நின்றது. தாளில் வரப்பு உயர்ந்திருந்தது. டாக்டர் மாலதி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

அவர் கொடுத்த கடிதம் ஒரு பக்கம்தான். நோயாளியால் அடக்க வேண்டியதை அடக்க முடியாத நிலை இருந்தது. பார்த்ததைச் சரியாகப் பார்க்கவும், சரி தவறு பிரிக்கவும் முடியாத நிலை இருந்ததற்கு அடையாளம் எதுவும் தென்படவில்லை. அதை இணைத்து, விதியை முதல் வரியில் எழுதி, நிர்வாகத்துக்கு ஒன்றும் தொழிலாளர் அலுவலருக்கு நகல் ஒன்றுமாகப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் சொன்னது பைத்தியத்தின் பேச்சல்ல, நோயின் பேச்சு. நோயில்லாதிருந்தால் அதே தழும்பைப் பார்த்து, "சரி, மேலே" என்றிருப்பேன். இந்தக் கடைசி வரியையும் கடிதத்தில் எழுதினேன். சரோஜா படித்துவிட்டு, "இது வேணுமா?" என்றாள். தடுக்கும் அலை எழுந்ததை உணர்ந்தேன். இருந்தும் அந்த வரியை அடித்துவிடவில்லை.

பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. மழை வந்து ஏரி நிரம்பியது, என் தலையில் முடி முள்முள்ளாக முளைத்தது. புதிய விசாரணை அதிகாரியும் வரவில்லை. ஏசுபாதம் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தார். வாரத்துக்கொருமுறை சைக்கிளில் வருவார். "லெட்டர் வந்துச்சா சார்?" என்று கேட்க மாட்டார். "தலை எப்டி கீது?" என்று கேட்பார். நானும் தலையைப் பற்றியே பதில் சொல்வேன்.

அந்தத் திங்கட்கிழமை அவர் வந்து சைக்கிளை நிறுத்தும்போது தபால்காரரும் வந்தார். கடிதம் ஆங்கிலத்தில். கண்ணாடியைத் தேடினேன், சரோஜா என் கையிலிருந்து வாங்கி, வாசலிலேயே நின்று தமிழில் சொன்னாள். தொழிலாளர் அலுவலரின் அறிவுரையைத் தொடர்ந்து, விசாரணைப் பதிவுகள் பதிவானபடியே ஏற்கப்படுகின்றன. அவற்றின் அடிப்படையில் தொழிலாளர் ஏசுபாதம் மீதான குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. அவர் உடனே வேலைக்குத் திரும்பலாம். விசாரணை அதிகாரியின் சேவை, உடல்நலம் கருதி, இனித் தேவைப்படாது.

ஏசுபாதம் செங்கல் தூசி படிந்த கைகளைச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "இன்னொரு தபா படிங்கக்கா," என்றார். அவள் படித்தாள். "கடைசி வரி வேணாம், அதுக்கு மின்னால வரைக்கும்," என்றார். மூன்றாவது முறையும் படித்தாள்.

கடிதத்தில் தேதி போட மறந்திருந்தார்கள். அடியில் கையெழுத்து மட்டும் இருந்தது; படித்துவிட்டுப் போட்டாரோ என்னவோ. அலுவலகத்தில் இருந்திருந்தால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். பேனாவை எடுத்து, ஓரத்தில், பெறப்பட்ட நாளை நானே எழுதினேன்: 16.12.1991.